அளவு ஜாக்கெட் வாங்காத அக்கா

தென்காசியில் அந்த நாளில் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது என்றால், துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் சுருட்டிக் கொடுத்தனுப்புவது என்று பொருள். அளவு ஜாக்கெட். அது டெய்லர் கடைக்குப் போய்ச் சேர்ந்தால் போதும், உடம்பு போக வேண்டியதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் தைத்த ஜாக்கெட்டை இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் அளவுக்கு அனுப்பிவிட்டு, 'கையைப் பிடிக்கு, இடுப்புல ஏறுது' என்று டெய்லரைத் திட்டுகிற பெண்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். எங்கள் வீட்டிலேயே ஒருத்தி இருந்தாள். அவள் கதை பிறகு வரும்.

எங்கள் தெரு டெய்லர் அக்கா மட்டும் அளவு ஜாக்கெட்டை வாங்கவே மாட்டாள். மேஜையில் வைத்தால் ஒரு விரலால் தள்ளிவிடுவாள்.

"இது எதுக்கு? இது ஏற்கெனவே ஜாக்கெட்டாத்தான இருக்கு. உடம்பை வரச் சொல்லு."

ஒரு தீபாவளிக்கு, புதிதாக மாற்றலாகி வந்திருந்த இன்ஸ்பெக்டர் வீட்டம்மா ஒரு ஏட்டையாவிடம் துணியும் அளவு ஜாக்கெட்டும் கொடுத்து அனுப்பியிருந்தாள். மனிதர் தொப்பியும் பெல்ட்டுமாக, கையில் மஞ்சள் பையோடு, பெண்கள் கூட்டத்தின் நடுவே நெளிந்துகொண்டு நின்றார். அக்கா பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்ன ஏட்டையா, ஜாக்கெட்டை அரெஸ்ட் பண்ணிக் கூட்டியாந்திருக்கீரு. ஆளை விட்டுட்டீரே?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஏட்டையா பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார். மூன்றாம் நாள் அந்த அம்மாவே ஜீப்பில் வந்து இறங்கினாள். முறைத்துக்கொண்டேதான் உள்ளே போனாள். திரும்பிப் போகும்போது சிரித்துக்கொண்டு போனாள். மாற்றலாகிப் போகும் வரை வேறு யாரிடமும் அவள் தைக்கக் கொடுக்கவில்லை.

அக்காவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் ஊரில் பாதிப் பேருக்கு அடையாளம் தெரியாது. கடைக்கு போர்டு கிடையாது. வீட்டின் முன்னறைதான் கடை, பின்னால் ஒரு பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி. 'டெய்லரக்கா' என்றால் ரயில்வே கேட் வரைக்கும் தெரியும். குட்டையான உருவம். வாயோரத்தில் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும். அதைக் கடித்துக்கொண்டேதான் பேசுவாள். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது. தன் தையலைப் பற்றி அவளுக்கு இருந்த கர்வத்தை ஒரு ஊருக்கே பங்கிட்டுக் கொடுக்கலாம். 'நான் தச்ச ஜாக்கெட்டுல ஒரு சுருக்கம் காட்டு, மெஷினைத் தூக்கிக் குளத்துல போடுதேன்' என்பாள். காட்டியவர் யாரும் இல்லை.

திரைக்குப் பின்னால் அவள் அளவெடுப்பதே ஒரு தினுசு. மார்பளவு, தோள், கை என்று டேப்பால் அளந்து முடித்த பிறகு டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொள்வாள். பிறகு விரல்கள் வரும். மூன்று விரல்களைச் சேர்த்துப் பட்டையாக வைத்து, அக்குளில் ஆரம்பித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டு வருவாள். முதல் தடவை போகிறவர்கள் கூச்சத்தில் துள்ளிவிடுவார்கள். நானும் துள்ளினேன்.

"சும்மா நில்லுட்டி. கட்டி கிட்டி இருக்கான்னு பாக்கேன். குளிச்ச ஒரு வாரத்துல மாசாமாசம் நீயே இப்படிப் பாக்கணும். விரல் நுனியில இல்ல, விரல் வயித்துல பாக்கணும். தெரிஞ்சுதா?"

குளிச்ச என்றால் எந்தக் குளியல் என்று பெண்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசி அது. புற்றுநோய் என்ற சொல்லை வாய்விட்டுச் சொன்னாலே வீட்டுக்குள் வந்துவிடும் என்று நம்பிய காலம். 'அந்த வியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தி. அக்கா, கொத்தமல்லி என்ன விலை என்று கேட்கிற குரலில் கேன்சர் என்பாள்.

கட்டி என்று விரலில் பட்டால் விடமாட்டாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் துணியை வெட்டுவாள். அப்படிப் போனவர்களில் அநேகம் பேர் ஒன்றுமில்லை என்றுதான் திரும்பி வந்தார்கள். சிலர் நேரே கடைக்கு வந்து சண்டை போட்டார்கள். மேலத்தெருப் பெண் ஒருத்தி வாசலில் நின்று, "வெறும் கொழுப்புக் கட்டியாம். நாலு நாள் சோறு தண்ணி இறங்காமக் கெடந்தேன். நீ என்ன படிச்சுக் கிழிச்ச டாக்டரா?" என்று கத்தினாள்.

அக்கா மெஷினை நிறுத்திவிட்டு முழுவதையும் கேட்டாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டியெல்லாம் கேன்சரு இல்ல தாயி. ஆனா இல்லன்னு டாக்டர்தான் சொல்லணும். நீயும் சொல்லக்கூடாது, நானும் சொல்லக்கூடாது. நல்லாத் திட்டு. இப்படி வந்து திட்டுனா அன்னைக்கு எனக்குத் தீவாளி."

எங்கள் தெருவில் இதற்கு வேறு பேச்சும் கிளம்பியது. அவள் கை பட்டால் கட்டி வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஒரு தை மாதம் முழுக்கக் கடையில் ஈ ஓட்டினாள். 'விரல் வைக்கதை மட்டும் விட்டுருங்களேன் அக்கா' என்று நான் கெஞ்சிக்கூடப் பார்த்தேன். "விரலை விட்டுட்டு டேப்பை வச்சு நான் என்ன செய்ய?" என்றாள். அவ்வளவுதான் பதில்.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒரு நாள் அவளே சொன்னாள். நான் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, ஊசிக்குச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அவளுடைய உடன்பிறந்த அக்கா வடகரையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்தான். வயல், மாடு, மாமியார் என்று அவளுக்கு நகர நேரமில்லை. ஜாக்கெட் தைக்க வேண்டுமானால் தேங்காய் வண்டிக்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுத்தனுப்புவாள். ஒரு தடவை, 'இடது பக்கம் கொஞ்சம் பிடிக்கு, தளத்தித் தை' என்று சொல்லியனுப்பினாள். இவளும் தளர்த்தினாள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே இடது பக்கம். மறுபடியும் தளர்த்தினாள். மூன்றாவது தடவை பக்கத் தையலைப் பிரித்து ஒரு பட்டைத் துணியே சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள்.

"மூணு தடவை பிரிச்சிருக்கேன்ட்டி. ஒரு பக்கம் மட்டும் பெருக்குதேன்னு ஒரு தடவையாவது எனக்கு உறைச்சுதா? எப்படி ஒட்டுத் தெரியாமச் சேக்கதுன்னுதான் யோசிச்சேன். ஒட்டுத் தெரியவே இல்ல. அம்புட்டு நல்லாத் தச்சேன்."

பிறகு திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு பெண் டாக்டர் பார்த்துவிட்டு, 'குறச்சு நேரத்தே வந்நிருந்நெங்கில்' என்றாராம். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் என்று அர்த்தம். அந்த டாக்டர்தான் அழுதுகொண்டு நின்ற தங்கைக்காரியைத் தனியாக உட்கார வைத்து, எப்படித் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவள் உடம்பிலேயே காட்டிக் கொடுத்திருக்கிறார். உடன்பிறந்தவள் இறந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து கடை திறந்தவள், முதல் வேலையாகக் கடையில் கிடந்த அளவு ஜாக்கெட்டுகளை எல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாளாம்.

இப்போது எங்கள் வீட்டு ஆளுக்கு வருகிறேன். நான் அப்போது தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். ஊர் ரகசியமெல்லாம் என் காது வழியாகத்தான் போகும் என்று கொஞ்சம் மிதப்பாகவே திரிந்தேன். அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணன் கூட்டுறவு சொசைட்டியில் குமாஸ்தா. மதினி ஆய்க்குடிக்காரி. பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடப் பாதிதான் கேட்கும். கடைத்தெருவுக்கு ஒரு நாளும் தனியாகப் போனதில்லை. அவளுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆசை குற்றாலம். சீசன் வந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அவள் வேறு ஆள். பேரருவியில் நாலு பேரைத் தள்ளிக்கொண்டு நடுத் தண்ணீரில் போய் நிற்பாள். வெளியே இழுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விடும்.

அவளுடைய தம்பிக்குக் கல்யாணம் வந்தது. பட்டுத் துணியோடு அளவு ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்தனுப்பினாள். அக்கா வழக்கம் போலத் தள்ளிவிட்டாள். அதற்கு முன்பெல்லாம் மதினி வேறு டெய்லரிடம் கொடுத்தனுப்பிவிடுவாள். இந்தத் தடவை பட்டு என்பதால் பயம். மற்றவன் கெடுத்துவிடுவான். அரை மனதாக என் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தாள்.

திரைக்குப் பின்னால் மூன்று பேரும் நின்றோம். டேப் முடிந்தது. விரல்கள் ஆரம்பித்தன. மதினி கண்ணை மூடிக்கொண்டாள். அக்கா ஏதோ மாப்பிள்ளை வீட்டைப் பற்றிக் கேலி பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள். வாயிலிருந்து இரண்டு குண்டூசியையும் எடுத்துத் திரையில் குத்தினாள். வாயில் ஊசி இல்லாமல் அவள் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இது எத்தனை நாளா இருக்கு தாயி?"

"அது... பால்கட்டி அக்கா."

"கடைசிப் பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"ஏழு."

"ஏழு வருசமாவா பால் கட்டிக்கிட்டு இருக்கு?"

மதினி ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு வந்துவிட்டாள். அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று பிள்ளைகள் தலை மேல் என்னிடம் சத்தியம் வாங்கினாள். நானும் பண்ணினேன். ஊரெல்லாம் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று தெரிந்து வைத்திருந்தவள், ஒரே வீட்டில் இருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அந்தச் சத்தியத்தை நினைத்தால் என் மேல் எனக்கே ஆத்திரமாக வரும்.

நாலாம் நாள் காலையில் அக்கா வந்தாள். கையில் வெட்டாத பட்டுத் துணி. "டாக்டரைப் பாத்துட்டு வா. அப்புறம் வெட்டுதேன்" என்றாள். மதினி துணியைத் திருப்பிக் கேட்டாள். கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. பட்டுத் துணியைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டு தினமும் காலையில் அண்ணன் சாப்பிடுகிற நேரத்துக்குச் சரியாக வந்து நடையில் உட்காருவாள். ஒன்றும் பேசமாட்டாள். மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆறாவது நாள் மதினிக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே இந்த வீட்டுப் படி ஏறாதீங்க."

"ஏறலை. இங்கன தெருவுல நிக்கேன். தெரு உங்க வீடு இல்லல்லா?"

நின்றாள். வெயில் ஏறியது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்ன என்று கேட்டார்கள். "சும்மாத்தான், ஒரு அளவு எடுக்கணும்" என்றாள். கடைசியில் அண்ணனே கையைக் கழுவிவிட்டு வெளியே வந்து அவளை உள்ளே கூப்பிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மதினி அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அண்ணன் சாத்திய அடுக்களைக் கதவைப் பார்த்தான். பிறகு, "தம்பி கல்யாணம் முடியட்டும்" என்றான்.

"ஏன், உங்க பொண்டாட்டி வரலைன்னா மாப்பிள்ளை தாலி கட்டமாட்டாராமா?"

"நாலு பேருக்குத் தெரிஞ்சா..."

"யாருக்கும் சொல்லாண்டாம் அண்ணாச்சி. பஸ் மட்டும் ஏறுங்க."

ஏறினார்கள். செங்கோட்டை வழியாக மலையேறிப் போகும் திருவனந்தபுரம் பஸ்ஸில் அண்ணன், மதினி, அவர்களுக்கு நடுவே அக்கா. ஒரு பக்கத்து மார்பை எடுத்துவிட்டார்கள். பிறகு பல நாள் கரண்ட் வைத்தார்கள்; கதிர் வைத்தியத்துக்கு ஊரில் அதுதான் பெயர். 'நேரத்தே வந்நு, நன்னாயி' என்று டாக்டர் சொன்னதை அக்கா ஊருக்கு வந்து என்னிடம் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். முன்னால் வந்துவிட்டீர்கள், நல்லதாயிற்று. ஏதோ தனக்கு மெடல் குத்தியது மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டுத் திரைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆஸ்பத்திரியில் அண்ணன் ஒரு தப்புச் செய்தான். நர்ஸ் கட்டு மாற்ற வந்தால் எழுந்து வராந்தாவுக்குப் போய்விடுவான். மதினி அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அக்கா அவனை வராந்தாவிலேயே பிடித்தாள்.

"உங்களுக்குப் பயமாத்தான் இருக்கும், இல்லன்னு சொல்லலை. பயந்துகிட்டே உள்ள நில்லுங்க. மூஞ்சிய மட்டும் திருப்பாதீங்க. அவ காயத்தைப் பாக்கலை அண்ணாச்சி, உங்க மூஞ்சியத்தான் பாக்கா."

ஊருக்குத் திரும்பியபோது கட்டு மாற்றுவது அண்ணன் வேலையாகிவிட்டது. என்னைக்கூட நெருங்க விடமாட்டான். என் அண்ணனை நினைத்து நான் பெருமைப்பட்ட சமயங்கள் கொஞ்சம்தான். அதில் முதல் சமயம் அது.

மதினிக்கு அந்தப் பக்கத்துக் கை மேலே எழும்பவில்லை. சுவரில் விரலை வைத்து நண்டு ஏறுவது போலக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். வலியில் மதினி செய்யமாட்டேன் என்பாள். அக்கா தினமும் கடை திறக்கும் முன்னால் வந்து, துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் சுவரில் கோடு கிழிப்பாள். இன்றைக்கு இவ்வளவு. மறுநாள் அதற்கு மேல் ஒரு விரல்கடை. எங்கள் நடுக்கூடச் சுவரில் நீலக் கோடுகள் ஏணி மாதிரி ஏறிக்கொண்டே போயின. காலண்டர் ஆணியைத் தொட்ட அன்றைக்கு எல்லோருக்கும் கேசரி கிண்டினோம்.

பார்க்க வருகிறவர்கள் தொல்லை வேறு. பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, இவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக வைத்திருக்கிறீர்களா, பிள்ளைகள் இருக்கிற வீடு என்று ரகசியமாக என்னிடம் கேட்டாள். ரகசியம் என்றால் அந்த ஆச்சிக்குத் தெரு முனை வரை கேட்கும். மதினி பாதி குடித்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். அக்கா அதை எடுத்து, மிச்சக் காப்பியை வாய் வைத்துக் குடித்தாள். "சீனி கம்மியா இருக்கு ஆச்சி. வேற ஒண்ணும் இல்ல" என்றாள்.

இவ்வளவுக்குப் பிறகும் மதினி வெளியே வரவில்லை. சேலையை இரண்டு சுற்றாகப் போர்த்திக்கொண்டு உள்ளறையில் இருப்பாள். ஒரு சீசன் வந்து போயிற்று. குற்றாலம் என்ற பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

அக்கா ஜாக்கெட்டில் இறங்கினாள். முதலில் உள்ளே பஞ்சு வைத்துத் தைத்தாள். பார்க்கச் சரியாக இருந்தது. ஆனால் கனம் இல்லாததால் கையைத் தூக்கினால் ஒரு பக்கம் மட்டும் மேலே ஏறிக்கொண்டது. கனத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, சிறு பை தைத்து அதற்குள் கேழ்வரகு நிரப்பினாள். ஆடும்போது ஆடியது, அமரும்போது அமர்ந்தது. அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஐப்பசி அடைமழையில் ஈரத்துணி காயாமல் கொடியிலேயே நாலு நாள் கிடந்தது. ஐந்தாம் நாள் மதினி ஒரு ஜாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடுக்கூடத்தில் நின்றாள். துணியைத் துளைத்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது.

"ஏட்டி, எனக்கு நெஞ்சுல கேப்பை வெளைஞ்சிருச்சு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரிப்பைக் கேட்டு, அண்ணன் சவரக் கத்தியோடு ஓடி வந்தான்.

அடுத்த தடவை அக்கா கேழ்வரகை வறுத்து நிரப்பினாள். முளைக்கவில்லை. மதினி பக்கத்தில் போனால் மாவு வாசனையில் பசி எடுத்தது, அவ்வளவுதான் குறை. அந்த ஜாக்கெட்டோடு மதினி கோயிலுக்குப் போனாள். தம்பியின் பிள்ளைக்குப் பேர் வைக்க ஆய்க்குடிக்குப் போனாள். எந்தப் பக்கம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அக்கா பின்னாலேயே போய் நாலு திசையிலும் நின்று பார்த்துவிட்டு, "ஒரு சுருக்கம் காட்டு பாப்போம்" என்று என்னிடம் சவால் விட்டாள்.

குற்றாலத்துக்கு மட்டும் மதினி அசையவில்லை. நனைந்தால் தெரிந்துவிடும் என்றாள். அடுத்த சீசனும் அப்படியே போயிற்று. மறுவருஷம் சாரல் தொடங்கியபோது, அக்கா வறுத்த கேழ்வரகை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, மெழுகுவத்திச் சூட்டில் வாயை ஒட்டி, அதன் மேல் இரண்டு துணி வைத்துத் தைத்துக்கொண்டு வந்தாள். "மலையே இடிஞ்சு விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. வா" என்றாள். அண்ணனும் வா என்றான். அவன் குரல் உடைந்திருந்ததோ என்னவோ, மதினி புறப்பட்டாள்.

பேரருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்த பெண்கள். மதினி ஓரத்தில் நின்று காலை நனைத்தாள். பிறகு தோளை. பிறகு ஒரேயடியாக உள்ளே போய்விட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கித் தண்ணீரை வாங்கினாள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் நின்றாள். அவள் விரல் என் கையில் பதிந்தது.

அருவிக்குத் தையல் தெரியுமா? அடித்த அடியில் உள்தையல் விட்டு, அந்தப் பை நழுவி மதினியின் இடுப்புக்கு இறங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் தோளைத் தட்டினாள். மதினி இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தாள். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஊர் கூடியிருந்த இடத்தில் அவள் தையல் விட்டுவிட்டது. அதைவிட, தன் பேச்சை நம்பி வந்தவள் நடுத் தண்ணீரில் நின்றாள். "ஐயோ, கூட்டியாந்திட்டேனே" என்றாள். நான் மாற்றுச் சேலையை எடுத்துக்கொண்டு போர்த்துவதற்கு ஓடினேன்.

மதினி அதை வாங்கவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு இடுப்பிலிருந்து பையை உருவி, இரண்டு எட்டு வெளியே வந்து அக்காவின் கையில் வைத்தாள்.

"இதைப் புடிங்க அக்கா. குளிக்கதுக்கு இடைஞ்சலா இருக்கு."

திரும்பி அருவிக்குள் போனாள். ஈரச் சேலையில் எல்லாம் தெரிந்தது. நெஞ்சைப் பொத்தாமல், முன்பு போல நடுத் தண்ணீரில் போய் நின்றாள். தோளைத் தட்டிய பெண் வாய் பார்த்துக்கொண்டே, "என்னம்மா அது, ஒரு பக்கம்..." என்று இழுத்தாள். அருவி இரைச்சலுக்கு மேலே மதினி கத்தினாள்.

"கேன்சர் கட்டி. எடுத்தாச்சு. ரெண்டு வருசத்துக்கு மேல ஆச்சு. இந்தா குளிச்சுக்கிட்டு நிக்கேம்லா!"

அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. தண்ணீரில் நின்றதால் யாருக்கும் தெரியவில்லை.

துணி மாற்றுகிற அறையில் மதினி தலை துவட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். புளியங்குடிக்காரி. எலுமிச்சங்காய் கமிஷன் மண்டி வைத்திருக்கிற குடும்பம் என்று பிறகு தெரிந்தது. மதினியின் கையைப் பிடித்து, ஈரச் சேலைக்குள் கொண்டுபோய்த் தன் அக்குளுக்குக் கீழே வைத்தாள்.

அக்கா ஓர் எட்டு முன்னால் வந்தாள். அவள் மூன்று விரல்களும் தாமாகவே சேர்ந்துகொண்டன. அந்தப் பெண் அக்காவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மதினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நின்றாள். பிறகு ஓர் எட்டுப் பின்னால் போய்ச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டாள்.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள் மதினி.

"ஆடி வந்தா ஒரு வருசம்."

"வீட்டுல சொன்னீங்களா?"

அந்தப் பெண் தலையை ஆட்டினாள். இல்லை. வெளியே அவள் புருஷன் பிள்ளைக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மதினி என் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அண்ணன் போய் அவரைத் தனியாக அழைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினான். கடைசியில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

மறுநாள் காலையில் புருஷனும் பெண்டாட்டியும் புளியங்குடியிலிருந்து முதல் பஸ் பிடித்துத் தென்காசி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார்கள். மதினி கையில் ஒரு பையோடு அவர்களுக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். கூட வருகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள். வழியனுப்ப நானும் அக்காவும்தான் போயிருந்தோம். அக்கா கடையை அடைத்துவிட்டு வந்திருந்ததால், அவளும் ஏறுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க போகலையா அக்கா?"

"நான் எதுக்கு? நான் அளக்கவதானட்டி. அவ போயிட்டு வந்தவ."

பஸ் புறப்பட்டது. நல்ல கூட்டம், கண்டக்டர் முன்னால் எங்கேயோ இருந்தார். மதினி ஜன்னலோரத்திலிருந்து எழுந்து நின்று, எல்லோர் தலைக்கும் மேலே கையை நீட்டினாள். அவள் குரல் தரையில் நின்ற எங்களுக்கே கேட்டது.

"திருவனந்தபுரம். மூணு பேரு."